கிணற்றின் நடுவே

3,043.8 மீற்றரிலிருந்து 3,068.7 மீற்றர் வரை. 2011 ஒக்டோபரில் மன்னார்ப் படுகையின் டொராடோ கிணற்றில் எரிவாயு கிடைத்ததாகக் கெய்ர்ன் லங்கா நிறுவனம் அறிவித்தபோது சொன்ன ஆழம் இது. அந்த இடத்தில் கடலே 1,354 மீற்றர் ஆழம். ஜப்பானின் ஆய்வுக் கப்பலான சிக்கியு மேலே மிதந்தபடி துளையிட்டது. யாரும் இறங்கிப் பார்க்க முடியாத பாறையில், வாயு தொடங்கும் இடத்தைப் பத்துச் சென்ரிமீற்றர் கணக்கில் சொல்லிவிட முடிகிறது. எனக்கு இது இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

எண்ணெய், எரிவாயுக் கனவு நமக்குப் புதிதல்ல. 1961இல் உருவான இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1970களில் சோவியத் உதவியோடு மன்னார்த் தீவின் பேசாலையில் கிணறு தோண்டியது. வணிகத்துக்கு உதவும் எண்ணெய் கிடைக்கவில்லை. 2011இல் டொராடோவும் அடுத்துப் பரகுடா என்ற கிணறும் வாயுவைக் காட்டியபோது நாடே எண்களைப் பேசியது. அந்த எண்களைத் தரும் கருவிகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

கிணற்றுக்குள் கருவி இறக்கி அளக்கும் கலை 1927 செப்டெம்பர் 5 அன்று பிரான்சின் பெசெல்புரோன் எண்ணெய் வயலில் தொடங்கியது. ஷ்லம்பெர்ஜே சகோதரர்களின் குழு கம்பியில் மின்முனைகளைக் கட்டி இறக்கி, பாறையின் மின்தடையைப் படிப்படியாகக் குறித்தது. கிணறு நேராக நின்ற வரைக்கும் கம்பியில் தொங்கும் கருவி நடுவை ஒட்டியே இறங்கும். கடலில் நேரான கிணறு போதாது. ஒரே மேடையிலிருந்து பல கிணறுகளைப் பல திசைகளில் அனுப்பினால்தான் செலவு கட்டும். ஆகவே கிணறுகள் சாய்கின்றன. சாய்ந்த கிணற்றில் கருவி தொங்குவதில்லை, கீழ்ச்சுவரில் படுத்துவிடுகிறது.

வெள்ளவத்தை ரியூசன் வகுப்புகளில் இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு தெரியும். அது சாய்தளக் கணக்கு. 100 கிலோ எடையுள்ள கருவி, நிலைக்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்த கிணறு. எடையில் 87 கிலோ அளவு சுவரை அழுத்துகிறது, 50 கிலோ அளவு மட்டுமே கருவியைக் கீழே இழுக்கிறது. உராய்வுக் குணகம் 0.3 என்றால் தடை 26 கிலோ, ஆகவே கருவி இன்னும் வழுக்கும். சாய்வு 75 பாகையானால் இழுப்பது 26 கிலோ, தடுப்பது 29 கிலோ. கருவி நின்றுவிடும். கிணற்றை நிரப்பியிருக்கும் சேறு தாங்கும் எடையைச் சேர்த்தாலும் நிற்கும் கோணம் மாறாது, இரண்டு எண்களும் ஒன்றாகவே குறையும்.

படுத்துக்கொண்டே அளந்தால் என்ன? சில கருவிகளுக்கு அதுதான் வேண்டும். பாறையின் அடர்த்தியைக் கதிர்வீச்சால் அளக்கும் கருவி சுவரோடு ஒட்டியே இருக்க வேண்டும். ஒலியால் அளப்பவற்றின் கதை வேறு.

கிணற்றில் இறக்கிய உருக்கு உறைக்குழாய்க்கும் பாறைக்கும் இடையில் சீமெந்து நிரப்புவார்கள். அது சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவி குழாய்க்குள் இறங்குகிறது. ஒரு முனை செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் கொண்ட ஒலியைச் சுற்றிலும் அனுப்புகிறது. ஒலி குழாய்ச் சுவர் வழியே ஓடி மறுமுனைக்கு வருகிறது. பின்னால் சீமெந்து இறுகப் பிடித்திருந்தால் குழாய் அதிராது, வரும் ஒலி மெலிந்திருக்கும். சீமெந்து இல்லாத குழாய் மணிபோல் அதிரும், ஒலி வலுவாக வரும். மெலிந்த ஒலிதான் நல்ல செய்தி.

இப்போது கருவி நடுவிலிருந்து 6 மில்லிமீற்றர் விலகியதாக வைத்துக்கொள்வோம். ஒரு பக்க ஒலிக்குப் பாதை குறைகிறது, எதிர்ப்பக்கத்துக்குக் கூடுகிறது. அனுப்பும் முனையிலும் வாங்கும் முனையிலும் இது நடப்பதால் இரு பக்க ஒலிகளும் ஏறத்தாழ 15 மைக்ரோசெக்கன் இடைவெளியில் வந்து சேர்கின்றன. அந்த ஒலியின் ஒரு முழு அதிர்வுக்கே 50 மைக்ரோசெக்கன்தான். ஆகவே ஒன்றின் ஏற்றம் மற்றதன் இறக்கத்தைத் தொட்டு அழிக்கத் தொடங்குகிறது. இவ்வளவு சிறிய விலகலே ஒலியின் வலுவைப் பாதியாக்கிவிடக்கூடும் என்பது இத்தொழிலில் இருப்பவர்கள் அறிந்த விடயம். ஒலி மெலிகிறது. படிப்பவர், சீமெந்து நன்றாகப் பிடித்திருக்கிறது என்று எழுதுகிறார். அளவீட்டுப் பிழை என்றால் இரு பக்கமும் சாயும் என்று எண்ணிப் பழகியிருக்கிறோம். இந்தப் பிழை நல்ல செய்தியின் பக்கமே சாய்கிறது. என்னை அச்சுறுத்துவது இதுதான்.

கருவியை நடுவில் நிறுத்துவது சென்ட்ரலைசரின் வேலை. நடுவில் வெளிப்புறமாக வளைந்த உருக்குப் பட்டைகள் கருவியைச் சுற்றிப் பொருத்தப்பட்டு, சுவரை எல்லாப் பக்கமும் தள்ளும். சாய்வு கூடக் கூட அவை தாங்க வேண்டிய எடையும் கூடும், ஆகவே பட்டைகள் விறைப்பாக இருக்க வேண்டும். விறைப்பான பட்டை சுவரை மேலும் அழுத்தும், உராய்வு கூடும், கருவி இறங்க மறுக்கும். இந்த இழுபறிக்கு விடையாகப் பட்டைகள் சுவரைத் தொடும் இடத்தில் சில்லுகள் வந்தன. அதற்கும் அப்பால், கருவியைத் தள்ளிச் செல்லும் மோட்டார் வண்டிகளும், துளையிடும் குழாயிலேயே அளவுக்கருவியைப் பொருத்தும் முறையும் வந்தன.

உறைக்குழாயும் கிணற்றின் நடுவில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் குறுகிய பக்கத்தில் சேறு தங்கும், சீமெந்து புகாது. மெக்சிக்கோ வளைகுடாவின் மக்கொண்டோ கிணற்றில் இதற்காக 21 சென்ட்ரலைசர்களை ஹாலிபேர்ட்டனின் கணிப்பு பரிந்துரைத்தது. இறங்கியவை 6. சீமெந்தை ஒலியால் அளக்க மேடைக்கு வந்திருந்த குழு அளக்காமலே திருப்பி அனுப்பப்பட்டது. 2010 ஏப்ரல் 20 அன்று இரவு கிணறு வெடித்து 11 பேர் இறந்தார்கள். விசாரணைகள் காட்டிய காரணங்கள் பல, சென்ட்ரலைசர் எண்ணிக்கை மட்டுமே காரணம் என்று எந்த விசாரணையும் சொல்லவில்லை. ஆனால் அளந்திருக்கலாம்.

நல்ல வேளையாக, விலகிய கருவி தன்னையே காட்டிக்கொடுக்கிறது. பக்கத்துச் சுவர் வழியே வரும் ஒலிக்குப் பாதை குறைந்ததால் அது எதிர்பார்த்த நேரத்துக்குச் சற்று முன்பே வந்துவிடும். இதற்காகவே ஒலி வலுவின் கோட்டுக்குப் பக்கத்தில் பயண நேரத்தின் கோட்டையும் வரைகிறார்கள். மிகக் கடினமான பாறையும் ஒலியை முந்தி அனுப்பும் என்பதால் இரண்டையும் பிரித்தறிய அனுபவம் வேண்டும்.

கெய்ர்ன் 2015இல் இலங்கையை விட்டுப் போனது. டொராடோவின் வாயு இன்னும் அதே பாறைக்குள் இருக்கிறது. அதை எடுக்க ஒருநாள் சாய்கிணறுகள் இறங்கினால், பக்கத்தில் இருப்பது பவளப்பாறைகளும் மன்னார் மீனவர்களின் கடலும். சீமெந்து நன்றாக இருக்கிறது என்ற ஒற்றை வரி அறிக்கையை நமது அதிகாரிகள் ஏற்கக்கூடாது. பயண நேரக் கோட்டையும் கேட்டு வாங்க வேண்டும். எந்த ஆழத்திலாவது அது முந்தி விழுந்திருந்தால், புதிய சென்ட்ரலைசர்களை மாட்டி அந்தப் பகுதியை மறுபடி அளக்கச் சொல்ல வேண்டும்.