காயல் துறையில் இறங்கிய குதிரைகள்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், உப்பளங்களை ஒட்டி இருக்கிறது பழையகாயல். 13ஆம் நூற்றாண்டில் அது பாண்டிய நாட்டின் பெரிய துறைமுகம். முத்து வெளியே போனது. குதிரை உள்ளே வந்தது. 1290களில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலான துறைகளிலிருந்து பாண்டிய மன்னரும் அவருடைய சகோதரர்களும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினார்கள் என்றும், வருடம் முடிவதற்குள் அவற்றில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். நம் வெயிலும் மண்ணும் குதிரைக்கு ஆகாது என்று சொல்லி இதைத் தாண்டிப் போய்விடுகிறோம். அந்தப் பதில் போதாது. குதிரைகளை மாய்த்ததில் தட்பவெப்பத்தைவிடப் பெரிய பங்கு, அவற்றை வாங்கி விற்ற முறைக்கும் வளர்த்த கையை விட்டு அவை பிரிந்துவிட்டதற்கும் உண்டு.

அந்த வணிகம் ஒரு குடும்பத்தின் தொழிலாகவே நடந்தது. பாரசீக வளைகுடாவில் கிஷ் தீவிலிருந்து ஜமாலுத்தீன் குதிரை அனுப்பினார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் இங்கே பாண்டியருக்கு அமைச்சராக இருந்து காயல் உள்ளிட்ட துறைகளைக் கவனித்தார். அவருக்குப் பின் மகன் சிராஜுத்தீன், பிறகு பேரன் நிஜாமுத்தீன் என்று பொறுப்பு கைமாறியது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒப்பந்தத்தையே சொல்லிவிடுகிறார்: ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரை தர வேண்டும், ஒன்றுக்கு விலை 220 பொன் தீனார், கடலில் செத்துப்போனாலும் பாண்டியர் கருவூலம் அதற்குரிய பணத்தைக் கொடுத்துவிடும். ஹோர்முஸ் கப்பல்கள் ஆணி இல்லாமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. சரக்கை ஏற்றி, மேலே தோலை விரித்து, அதன்மேல் குதிரைகளை நிறுத்தினார்கள் என்கிறார் போலோ. வாந்தி எடுக்கவோ வாயால் மூச்சுவிடவோ முடியாத பிராணி, ஆடும் தளத்தில் நின்றபடியே வர வேண்டும். செத்தாலும் காசு வந்துவிடும் என்றால், தண்ணீருக்கும் தீவனத்துக்கும் கூடுதலாக இடம் ஒதுக்க வணிகருக்கு என்ன கட்டாயம்?

கரையேறிய பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். வஸ்ஸாஃப் சொல்வதைப் பாருங்கள். கொழுக்கட்டும் என்று 40 நாள் லாயத்தில் முளையடித்துக் கட்டி வைப்பார்கள். வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் சேர்த்து வேகவைத்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால் என்று விருந்து நடக்கும். பிறகு பழக்காமலேயே, அங்கவடிகூட இல்லாமல், ஏறி விரட்டுவார்கள். இதில் கஞ்சத்தனம் துளியும் இல்லை. அக்கறை நிறையவே இருந்தது, அறிவுதான் இல்லை. குதிரை நாள் முழுக்கப் புல் மேயும் பிராணி. அதன் இரைப்பை சிறியது; நாரைச் செரிக்கும் வேலை பெருங்குடலில் நடக்கிறது. மாவுச்சத்து அளவுக்கு மீறி அங்கே போனால் புளித்து, வயிற்றுவலியில் உயிர் போகலாம். குளம்புக்குள் அழற்சி வந்து கால் ஊன்ற முடியாமலும் ஆகலாம். இதையெல்லாம் பார்த்துச் சொல்லக்கூடிய குதிரை வைத்தியர்களை வணிகர்கள் இந்தப் பக்கம் வரவே விடவில்லை, செத்தால்தானே அடுத்த வருடமும் விற்கலாம் என்று காரணமும் தருகிறார் போலோ. குதிரை வந்தது, அதை வளர்த்தவர் வரவில்லை. 220 தீனாரைவிட விலை கூடியது அந்த ஆளின் அனுபவம். அதை யாரும் வாங்கவில்லை.

வஸ்ஸாஃப் இந்தியாவுக்கு வந்தவரில்லை, போலோ மிகைப்படுத்தக்கூடியவர், இவர்களை எப்படி நம்புவது என்று கேட்கலாம். எண்களில் மிகை இருக்கலாம்தான். தீனி விஷயத்தில்கூட இருவரும் ஒத்துப்போகவில்லை. சோற்றோடு இறைச்சியை வேகவைத்துப் போட்டார்கள் என்கிறார் போலோ. ஆனால் தனித்தனியே எழுதிய இருவரும், வருடா வருடம் புதுக் குதிரை தேவைப்பட்டது என்பதிலும், சமைத்த தீனி போட்டார்கள் என்பதிலும் ஒன்றுபடுகிறார்கள். என் வாதத்துக்கு அவ்வளவு போதும். வெயில்தான் காரணம் என்பவர்களுக்குக் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தைக் காட்டலாம். காயலைப் போலவே புழுக்கம் மிகுந்த கடலோரச் சென்னையில் பந்தயக் குதிரைகள் பல தலைமுறைகளாக வாழ்ந்திருக்கின்றன. கோடையில் அவற்றை ஊட்டிக்கு ஏற்றிப் போவது வழக்கமாக இருந்தது. கூடவே அவற்றைப் பராமரிக்கும் சைஸ்களும் போனார்கள். எந்தக் குதிரை எப்போது தண்ணீர் குடிக்கும், எந்தக் காலைத் தொட்டால் மிரளும் என்று அறிந்த ஆள் இரண்டு லாயத்திலும் கூட இருந்தார். தட்பவெப்பம் சிரமம் தருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. மலைக்கு ஏற்றிப் போனதே அதற்குச் சாட்சி. ஆனால் அந்தச் சிரமத்தைத் தாங்க வைக்கப் பழகிய கையால் முடியும்.

இது பாண்டியரோடு முடிந்த கதையும் இல்லை. விஜயநகரத்தை ஆண்ட நரசிம்மர் உயிருள்ள குதிரைக்கும் செத்த குதிரைக்கும் ஒரே விலை கொடுத்தார் என்று 16ஆம் நூற்றாண்டில் எழுதுகிறார் போர்த்துகீசியரான நூனிஸ். கடலில் செத்ததற்கு அத்தாட்சியாக வணிகர் அதன் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும். முழுப் பணமும் கைக்கு வந்துவிடும்.