நேர்முகப் பரீட்சைக்கு ஓர் ஒத்திகை

கலாசாலைப் படிப்பு நிறைவெய்தும் தறுவாயில் மாணாக்கர் பலர்க்கு எதிர்ப்படும் சோதனைகளுள், கணினி நிரல் எழுதும் நேர்முகப் பரீட்சையும் ஒன்றாம். உத்தியோகம் அளிக்க விரும்பும் நிறுவனத்தார் ஒருவரை அனுப்புவர். அவர் எதிரே அமர்ந்து ஒரு கணக்கைக் கொடுத்து, அதற்குரிய நிரலைத் தம் கண்முன் எழுதுமாறு பணிப்பர். இதற்கென நண்பர்கள் தம்முள் முன்னரே நடத்திக்கொள்ளும் ஒத்திகை எத்தகையதாதல் வேண்டும் என்பதை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

யாம் சோழவந்தானிலிருந்து நாடோறும் பஸ் வண்டியேறி மதுரைக்கு வந்து பயிலும் மாணாக்கர் நால்வர். எம் ஊர் வெற்றிலைக் கொடிக்கால்களாற் பெயர் பெற்றது. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடும் வழங்கப்பெற்றது. கொடிக்கால் அமைப்போர் எடுத்த எடுப்பிற் கொடியை நடுவதில்லை. முதற்கண் அகத்தியை விதைத்து, அது வளர்ந்து தாங்கவும் நிழல் தரவும் வல்லதான பின்னரே கொடியை நடுவர். நிரற்பரீட்சைக்கும் இவ்வாறே முதலில் தாங்குகோல் வேண்டும். எண்களின் வரிசை, எழுத்துத் தொடர், ஸ்டாக், கியூ, மரம், ஹாஷ் அட்டவணை என்பவற்றின் இயல்பும், தேடுதல், அடுக்குதல் என்பவற்றின் முறைகளும் ஐயமறத் தெரிந்திருத்தலே அத்தாங்குகோல். இவையின்றி விடைகளை மட்டும் நெட்டுருப் போடுவோர், வினாவில் ஒரு சொல் மாறினும் தடுமாறுவர்.

அற்றேல், இவை தெரிந்திருந்தாற் போதுமோ எனின், போதாது என்பதை எம் முதல் ஒத்திகையே காட்டிற்று. ஒரு மாலைப்பொழுதில் எம்முள் ஒருவர் வினவ, மற்றொருவர் விடை எழுதத் தொடங்கினார். எழுதியவர் வகுப்பிற் சிறந்தவர். ஆயினும் வினாவைக் கேட்டதும் தலை கவிழ்ந்தவர், பத்து நிமிஷங்கட்கு மேலாக வாய் திறந்திலர். அவர் உள்ளத்தில் சரியான வழியே ஓடிற்று என்பதைப் பின்னர் அறிந்தோம். ஆனால் வினவியவர்க்கு அஃது எங்ஙனம் புலனாகும்? அறியாமையும் மௌனமும் வெளியே ஒன்றுபோலவே தோன்றும். நண்பர் வாளா இருந்தமைக்குக் காரணம், ஆங்கிலத்திற் பிழைபடப் பேசிவிடுவோமோ என்னும் நாணமே. நாட்டுப்புறத்திலிருந்து வந்து தமிழ்வழிக் கல்வி கற்றோர் பலர், அறிவு குறைந்தன்று, இந்நாணம் மிக்கே வாய்ப்பிழக்கின்றனர். ஆதலின் ஒத்திகையின் முதற்பயன் சிந்தனையை வாய்விட்டுச் சொல்லப் பழகுதலே என்று துணிந்தோம்.

இத்துணிவு புதியதன்று. பவணந்தி முனிவர் நன்னூலில், ஆசிரியரிடம் கேட்பதனால் மாணாக்கன் பெறுவது காற்பங்கே என்றும், உடன் பயில்வாரோடு பழகுவதாற் பின்னொரு காற்பங்கு வரும் என்றும், பிறர்க்குச் செவ்வனே எடுத்துரைப்பதனாலேயே எஞ்சிய அரைப்பங்கு நிரம்பும் என்றும் கணக்கிட்டுள்ளார். எடுத்துரைத்தல் அரைப்பங்காயின், அதனைப் பயிலாது பரீட்சைக்குச் செல்வோன் பாதிக் கல்வியோடு செல்பவனே ஆவன்.

இனி, ஒத்திகையை நடத்தும் முறையைக் கூறுவாம். ஒருவர் வினவுக, ஒருவர் விடையிறுக்க, மூன்றாமவர் கடிகாரம் நோக்குக, நான்காமவர் குறிப்பெழுதுக. கால அளவு நாற்பத்தைந்து நிமிஷம். கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945-இல் வெளியிட்ட நூலில், எக்கணக்கிற்கும் நான்கு படிகள் வகுத்தார்: கணக்கை உணர்தல், வழி வகுத்தல், செய்து முடித்தல், திரும்பி நோக்குதல். இந்நான்கிற்கும் முறையே ஐந்து, பத்து, இருபது, பத்து நிமிஷங்கள் என யாம் பகுத்துக்கொண்டோம். கணினியின் உதவியின்றி வெறுந்தாளில் எழுதுதல் நன்று. பிழையைத் தானே காணும் கண் அதனால் உண்டாகும்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஏறுவரிசையில் அடுக்கிய எண்களுள், குறித்ததோர் எண் எவ்விடத்துள்ளது என்று காண்பதே வினா என்க. உடனே எழுதப் புகாமல், முதற்படியில், "ஒரே எண் இருமுறை வருமோ? வரிசை வெறுமையாய் இருத்தலும் கூடுமோ? தேடும் எண் இல்லையாயின் யாது விடை தருவது?" என்று வினவுதல் வேண்டும். இரண்டாம் படியில் எளிய வழியை முதலிற் சொல்லுக: தொடக்கமுதல் ஒவ்வொன்றாக நோக்கின் விடை கிடைக்கும், ஆயின் ஆயிரம் எண்களுக்கு ஆயிரம் முறை நோக்கவும் நேரும். பிறகு சிறந்த வழியைக் கூறுக: அகராதியை நடுவே திறந்து சொல்லைத் தேடுவதுபோல், நடு எண்ணை நோக்கி, வேண்டாத பாதியை நீக்குக. இங்ஙனம் பாதி பாதியாகக் குறைப்பின், ஆயிரம் எண்களுக்குப் பத்து முறையும், பத்து லட்சம் எண்களுக்கு இருபது முறையும் நோக்கினாற் போதும். மூன்றாம் படியில் எழுதும்பொழுது, ஒவ்வோர் அடியும் எதற்கென்று சொல்லிக்கொண்டே எழுதுக. நான்காம் படியில், எண்ணே இல்லாத வரிசை, ஓரெண் வரிசை, ஈரெண் வரிசை இவற்றை இட்டுச் சோதிக்க.

இத்துணை எளிய கணக்கிற்கு இவ்வளவு விழிப்பு வேண்டுமோ என்பார்க்கு ஒரு வரலாறு கூறுவோம். ஜாவா மொழியின் நூலகத்தில் இத்தேடுமுறையை எழுதியவர் ஜோஷுவா பிளாக் என்னும் அமெரிக்க நிபுணர். தாம் எழுதிய அந்நிரலில் ஏறத்தாழ ஒன்பதாண்டுகளாக ஒரு பிழை மறைந்திருந்தது என்பதை 2006-இல் அவரே உலகிற்கு அறிவித்தார். நடுவிடத்தைக் காண இரு முனைகளின் இட எண்களைக் கூட்டிப் பாதியாக்குவர். வரிசை மிக நீண்டதாயின் அக்கூட்டுத்தொகை, அம்மொழியின் முழுவெண் தாங்கும் பேரெல்லையாகிய 2147483647-ஐக் கடந்து குறை எண்ணாக மாறிவிடும். முனைகளின் வேறுபாட்டைப் பாதியாக்கித் தொடக்க முனையோடு கூட்டின் இக்கேடு நேராது. வல்லுநர் கையிலும் பிழை தங்கும் என்பதும், அதனை ஒளியாது உரைத்தலே சான்றாண்மை என்பதும் இதனாற் பெறப்படும். ஆதலின் பரீட்சையில் நம் பிழையை நாமே கண்டால் மறையாது சொல்லித் திருத்துக. வினவுவோர் குறிப்புத் தந்தால் நாணாது ஏற்க.

மொழியச்சம் நீங்க யாம் கைக்கொண்ட வழி யாதெனின், ஒவ்வொரு கணக்கையும் முதலில் தமிழிலே நண்பர்க்கு விளக்குதலாம். கருத்துத் தெளிந்தபின் அதனையே சிறு சிறு ஆங்கில வாக்கியங்களில் மீண்டும் சொல்லுதல். தெளிந்த கருத்திற்குச் சொல் தானே வந்து வாய்க்கும். தெளியாத கருத்தை எம்மொழியும் காப்பாற்றாது. முதல் நாள் மௌனமாயிருந்த நண்பர், பல ஒத்திகைகள் கடந்து இப்பொழுது தடுமாறியேனும் இடைவிடாது பேசுகின்றார். குறிப்பெழுதுவோர் அவர் மௌனத்தை நிமிஷக் கணக்கிற் குறித்த காலம் போய், இப்பொழுது அவர் சொல்லும் காரணங்களைக் குறிக்கின்றனர்.

பரீட்சையின் முடிவு நம் கையில் இல்லை. ஆயத்தம் நம் கையில் உள்ளது. இக்கலாசாலையிற் பயிலும் தோழர்கள் நால்வர் நால்வராய்க் கூடி இம்முறையை மேற்கொள்வாராக. உத்தியோகம் பெற்றுச் சென்ற பழைய மாணவர்களும் ஓய்வுநாளில் ஒரு மணி நேரம் வந்து வினவுவோராக அமர்வாராயின், இளைஞர்க்கு அவர் செய்யும் உதவி பெரிதாகும். அறிந்ததை அஞ்சாது எடுத்துரைக்கும் ஆற்றல் இப்பரீட்சையோடு முடிவதன்று. வாழ்நாள் முழுதும் துணை நிற்பதாம்.