கண்ணாடி இழையும் கடைமடை வீடும்

எங்கள் ஊரின் பெயர் அணைக்கட்டு. வேலூர் மாவட்டத்தில், நெடுஞ்சாலைக்குத் தெற்கே, ஜவ்வாது மலையை நோக்கிய திசையில் அமைந்த ஊர். ஆற்றின் குறுக்கே கட்டப்படும் தடுப்புக்கு ஆங்கிலத்தில் 'அனிகட்' என்றொரு சொல் வழங்குகிறது அல்லவா? அது நம் தமிழ்ச் சொல்லைக் கடன் வாங்கி உருமாற்றிக்கொண்டதேயாகும். தண்ணீரைத் தேக்கி, மதகு வைத்து, வாய்க்கால் பிரித்து, கடைசி வயல் வரை கொண்டு செலுத்தும் கலையைப் பெயரிலேயே தாங்கிய ஊரில் வாழ்வதாலோ என்னவோ, அடுக்கக வீட்டுக்கு நம்பத் தகுந்த இணைய இணைப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பேசத் தொடங்கும்போது எனக்கு முதலில் வாய்க்கால்தான் நினைவுக்கு வருகிறது.

நான் பௌதிக ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பன்னிரண்டு குடும்பங்கள் வாழும் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் குடியிருக்கிறேன். மேல்மாடியில் இருப்பவர் ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் அப்பர் தைக்கும் பகுதியில் மேற்பார்வையாளர். விடியலில் வண்டியேறினால் இருட்டிய பிறகே வீடு திரும்புவார். அவருடைய மகள் பொறியியற் கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பித்திருந்தாள். 2018 ஆம் ஆண்டு முதல் அந்தக் கலந்தாய்வு இணையத்தின் வாயிலாகவே நடைபெறுவதை நீங்கள் அறிவீர்கள். விருப்பமான கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பூட்ட வேண்டிய இறுதி நாளன்று காலை பத்து மணிக்கு எங்கள் கட்டடம் முழுவதிலும் இணைப்பு அறுந்து போயிற்று.

"சார், உங்க வீட்டிலயாவது வருதா?" என்று அவள் என் வாசலில் வந்து நின்றாள். என் வீட்டிலும் அதே நிறுவனந்தான். தொலைபேசியில் அழைத்தால், ஒன்றை அழுத்துக, இரண்டை அழுத்துக என்று ஒரு பதிவுக் குரல் எங்களை அலைக்கழித்தது. கைப்பேசியிலோ எங்கள் தெருவில் அலை ஒரு கோட்டைத் தாண்டுவதில்லை. முடிவில் அவள் பேருந்து ஏறி வேலூருக்குச் சென்று, ஒரு பிரௌசிங் சென்டரில் வரிசையில் காத்திருந்து, நேரம் முடிய இருபது நிமிடம் இருக்கையில் பட்டியலைப் பூட்டினாள். அந்த அவசரத்தில், மூன்றாவதாக வைக்க எண்ணியிருந்த கல்லூரி பட்டியலில் ஏறவே இல்லை என்பதை மறுநாள்தான் கண்டுகொண்டாள். எங்கள் இணைப்பு நான்காம் நாள் திரும்பி வந்தது.

அந்த நிறுவனத்தின் விளம்பரத் தாளில் 'விநாடிக்கு 100 மெகாபிட் வேகம்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதில் பொய் இல்லை. பல நாட்கள் அந்த வேகம் வரவும் செய்தது. ஆனால் அறுந்தால் யார் வருவார், எப்போது வருவார் என்ற கேள்விக்கு அந்த எண் விடை சொல்வதில்லை. நாங்களும் அதைக் கேட்காமலே கையெழுத்திட்டிருந்தோம்.

இழையைப் பற்றிச் சிறிது அறிந்தால், எதைக் கேட்க வேண்டும் என்பது தானே விளங்கும். தலைமயிரின் பருமன் உடைய கண்ணாடி நூல் அது. அதன் நடுவே ஒளி செல்லும் தடமோ ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 1966 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பணிபுரிந்த சார்லஸ் காவோ என்னும் அறிஞர், தம் தோழர் ஹாக்கமுடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு கிலோமீட்டர் கடந்த பின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினாலே போதும், கண்ணாடி இழையின் வழியே செய்தி அனுப்பிவிடலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. அக்காலக் கண்ணாடியில் அந்த ஒரு பங்குகூட எஞ்சாது. குற்றம் கண்ணாடியில் இல்லை, அதில் கலந்த மாசில் இருக்கிறது என்றார் காவோ. 1970 இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அத்தகைய தூய இழையைச் செய்து காட்டினர். இன்றைய நல்ல இழையில் ஒரு கிலோமீட்டருக்குப் பின்னும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு ஒளி எஞ்சுகிறது. காவோவுக்கு 2009 இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஆகவே இழை தன் இயல்பில் குறையற்றது. குறை நேர்வது அதை வெட்டுகிற இடத்திலும், ஒட்டுகிற இடத்திலும், பங்கிடுகிற இடத்திலும்.

பங்கீட்டை முதலில் பார்ப்போம். நிறுவனத்தின் நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை, ஸ்ப்ளிட்டர் என்னும் சிறு பெட்டியில் பல கிளைகளாகப் பிரிந்து வீடுகளுக்குச் செல்கிறது. நம் நாட்டில் பெரிதும் வழங்கும் ஜிபான் முறையில், அந்தத் தாய் இழை வீடுகளை நோக்கிக் கொண்டுவருவது விநாடிக்கு ஏறத்தாழ 2,500 மெகாபிட். முப்பத்திரண்டு வீடுகள் ஒரே நொடியில் முழு மூச்சாக இழுத்தால் வீட்டுக்கு 78 கிடைக்கும். அறுபத்து நான்கு வீடுகளானால் 39. எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லையாதலால் 100 என்று விற்பது முற்றிலும் மோசடி ஆகாது; எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் மடை திறப்பதில்லை என்ற நம்பிக்கையில் ஆயக்கட்டை விரிவாக்குவது போன்றதே அது. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு ஊரே படம் பார்க்க உட்காரும்போது கடைமடைக்காரன் கதி என்ன? எனவே வேகத்தைச் சோதிப்பவர் காலை பதினொரு மணிக்குச் சோதித்துப் பயனில்லை. இணைப்பு வைத்திருக்கும் அண்டை வீட்டாரிடம் சென்று, இரவு ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே அளந்து பார்க்க வேண்டும். மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு என்பதையும் மாணவர்கள் மறக்க வேண்டாம். 100 மெகாபிட் என்பது விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான்.

அடுத்தது, அடுக்ககங்களுக்கே உரிய ஒரு சிக்கல். 'ஃபைபர்' என்று சொல்லி விற்கப்படுவது எல்லாம் வீட்டுக்குள் வரும் ஃபைபர் அன்று. சிலர் மாடிப்படியின் கீழே ஒரு பெட்டி வரைக்கும் இழையைக் கொணர்ந்து, அங்கிருந்து செம்புக் கம்பியை வீடுகளுக்கு இழுத்துவிடுவர். அந்தப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். அது யார் வீட்டு மின்சாரம், மின்தடையில் மின்கலம் உண்டா என்று எவரும் கேட்பதில்லை. இடி மின்னல் நாளில் செம்புக் கம்பி வழியே பாயும் மின்னழுத்தம் கருவிகளைக் கருக்கிவிடுவதும் உண்டு. ஸ்ப்ளிட்டருக்கோ மின்சாரமே தேவையில்லை. அது ஒளியை மட்டும் பிரிக்கும் பொருள். இழை வீட்டுச் சுவர் வரை வருமானால், நம் வீட்டு மோடத்துக்கு ஒரு சிறு மின்கலம் வைத்தாலே மின்தடையைச் சமாளித்துவிடலாம். பழைய தொலைபேசி மின்தடையிலும் ஒலித்ததற்குக் காரணம், நிலையமே கம்பி வழியாக மின்சாரமும் அனுப்பியதுதான். கண்ணாடி அந்த உதவியைச் செய்யாது.

மூன்றாவதாக, ஒளியின் அளவு. இணைப்புக் கொடுக்க வரும் ஊழியரிடம் ஒளியை அளக்கும் சிறு மீட்டர் இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். கழித்தல் 20 என்று காட்டினால், ஒரு மில்லிவாட்டில் நூற்றில் ஒரு பங்கு ஒளி உங்கள் வீட்டை அடைகிறது, மனநிறைவு கொள்ளலாம். கழித்தல் 27 என்பது பெரும்பாலான கருவிகளின் எல்லை. கழித்தல் 25, 26 என்றால், இன்று இணைப்பு வரும். இழை சற்று வளைந்தாலோ, இணைப்பு முனையில் தூசு படிந்தாலோ மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும். நான் அந்த எண்ணைத் தேதியுடன் எங்கள் மின்பெட்டிக் கதவில் எழுதி வைத்திருக்கிறேன். என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை.

இவற்றை எல்லாம் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் மொட்டை மாடியில் பன்னிரண்டு குடும்பமும் கூடினோம். எங்கள் பகுதியில் இணைப்புத் தரக்கூடியவர்கள் மூவர் இருந்தனர். மூவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டோம். மாதக் கட்டணத்துடன் வரியும் சேருமா? இவ்வளவு தரவுக்கு மேல் வேகம் குறையுமா, குறைந்தால் எவ்வளவு? இந்த விவரத்தை நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியிருக்கிறது. ஆதலால் கேட்பதற்கு நாணம் வேண்டாம். புகார் கொடுத்தால் புகார் எண் தருவீர்களா? அது தீராவிடில் நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீடு செய்யும் உரிமை நுகர்வோர்க்கு உண்டு. எண் இல்லையேல் அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்.

கடைசிக் கேள்விதான் முடிவைத் தந்தது: இழை அறுந்தால் ஒட்டும் கருவி எந்த ஊரில் இருக்கிறது? ஒருவர், வேலூரிலிருந்து வரவேண்டும் என்றார். ஒருவருக்கு விடை தெரியவில்லை. மூன்றாமவர் முன்பு வீடுகளுக்குக் கேபிள் டிவி இணைப்புக் கொடுத்தவர். இப்போது ஒரு பெரிய நிறுவனத்தின் இழையைப் பங்கு முறையில் நடத்துகிறார். "கருவி நம்ம வண்டியிலயே இருக்கு சார், ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு" என்றார். கட்டணம் மற்ற இருவரையும்விடச் சற்று மிகுதி. இருந்தும் பத்துக் குடும்பங்கள் அவரையே தேர்ந்தோம். மீதி இரண்டு குடும்பங்கள் வேறு வழியாக வரும் இணைப்பையே வைத்துக்கொள்ளட்டும் என்று நானே வற்புறுத்தினேன். ஒரு வாய்க்கால் உடைந்த அன்று பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் இருக்க வேண்டும் அல்லவா? இதில் ஒரு நுட்பம் உண்டு: நிறுவனங்கள் இரண்டாயினும் இழைகள் ஒரே கம்பத்தில் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தால், ஒரு லாரி மோதினால் இரண்டும் போகும். கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அரசினரின் முயற்சியையும் குறிப்பிட வேண்டும். ஊராட்சிகளை இழையால் இணைக்கும் திட்டத்துக்கு 2011 இல் ஒப்புதல் கிடைத்தது. பின்னர் அது பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுசெல்லும் பொறுப்பைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் ஏற்றது. ஆயினும் ஊராட்சி அலுவலகம் வரை இழை வருவது ஒன்று, அங்கிருந்து உங்கள் வாசலுக்கு வருவது மற்றொன்று. சாலை தோண்டுவோர் இழையை அறுத்துவிடாமல் முன்னரே அதன் உரிமையாளருக்குச் சொல்வதற்கென மத்திய அரசு 2023 மார்ச்சில் ஒரு செயலியை வெளியிட்டது. எங்கள் தெருவில் குழாய் பதிக்க வந்த ஜேசிபி ஓட்டுநரிடம் அதைப் பற்றிக் கேட்டேன், சிரித்தார்.

அந்த ஜேசிபிதான் சென்ற ஐப்பசியில் எங்கள் இழையை அறுத்தது. பகல் இரண்டு மணி, மழை தூறிக்கொண்டிருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த மேல்மாடிப் பெண் குடையுடன் கீழே இறங்கி வந்தாள். கேபிள்காரர் வண்டியின் பின்புறத்தில் தார்ப்பாயை விரித்து, அறுந்த இரு முனைகளையும் துடைத்து, நேராக நறுக்கிக் கருவியில் வைத்தார். சிறு திரையில் இரண்டு கண்ணாடி முனைகளும் தூண்களைப் போலப் பெரிதாகத் தெரிந்தன, தாமாகவே நகர்ந்து நேருக்கு நேர் நின்றன, ஒரு மின்பொறி பளிச்சிட்டது, இரண்டும் ஒன்றாயின. 'இழப்பு 0.02' என்று திரை காட்டியது. "இவ்வளவுதானா சார்?" என்று கேட்டாள் அவள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி மூன்றே முக்கால்.