ஸ்கோப்பை உள்ளிருந்து குலைக்கும் உதை

டெக்சாஸில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: மான் வேட்டைக்குப் போகும் நண்பரின் ரைஃபிள் ஸ்கோப் பல வருடமாக அப்படியே இருக்கிறது, ரிவால்வரில் பூட்டியது மட்டும் ஒரே சீசனில் குறி தவறுகிறது. ரைஃபிள்தானே வலியது?

தோட்டாவைப் பொறுத்தவரை சரி. ஆனால் .308 ரைஃபிள் சுமார் 3.6 கிலோ, சுட்டதும் விநாடிக்கு 3 மீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் உதைக்கும். .44 மேக்னம் ரிவால்வர் 1.4 கிலோதான், அதன் வேகம் 5 மீட்டரைத் தாண்டும், அதுவும் ஏறக்குறைய விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள். முடுக்கத்தைப் புவியீர்ப்பைப் போல 400 மடங்கு என்று வைத்தால், 170 கிராம் ஸ்கோப் அந்தக் கணம் தன்னைப் பிடித்திருக்கும் வளையங்களை 68 கிலோ பளுவாக இழுக்கும். அரைக் கிலோ ஸ்கோப் என்றால் 200 கிலோ! கனமானதே உறுதியானது என்ற கடைப்பேச்சு இங்கே செல்லாது.

இனிதான் அழகான விஷயம். ஸ்கோப் குழாய்க்குள் இன்னொரு சிறு குழாய் உண்டு. அதன் பின்முனை கண்பக்கம் கீல்போல் பொருந்தியிருக்கும். முன்முனையை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் இரு திருகுகள் தள்ள, எதிர்ப்புறம் ஒரு ஸ்பிரிங் தாங்கும். தூக்குவாளிக்குள் ஊறுகாய்க் கிண்ணம் வைத்து, ஆடாதிருக்க மடித்த வாழையிலையைச் செருகியது போல. பைக் வேகத்தடையில் துள்ளினால் வாளி எழும், கிண்ணம் பின்தங்கும், இலை நசுங்கும். மறுகணம் கிண்ணம் எதிர்ச்சுவரில் டங்கென்று மோதும். தினமும் இதே பாதை என்றால் இலை நார்நாராகும், கிண்ணம் சொட்டையாகும், ஊறுகாய் எண்ணெய் சோற்றில் இறங்கும். கைத்துப்பாக்கி பின்னால் உதைப்பதோடு முனையை மேலே தூக்கியும் எறிவதால் உட்குழாய் திருகைவிட்டு விலகி, திரும்பி வந்து அதன் நுனியிலேயே அடிக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்தபின் ஒவ்வொரு முறையும் சற்றே வேறிடத்தில் நிற்கும்.

கைத்துப்பாக்கி உதையின் வரலாறு சுருக்கமானது. .44 மேக்னம் 1955இல் வந்தது, அதைவிட வலிய .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2003இல். உதை கூடியது; ஸ்கோப் அட்டைப்பெட்டியில் ‘அதிர்ச்சி தாங்கும்’ என்ற வாசகமும் கூடியது. எந்தத் துப்பாக்கியின் அதிர்ச்சி, எத்தனை முறை என்று எழுதாத வாசகத்துக்கு மதிப்பில்லை. நைட்ரஜன் நிரப்பியிருப்பதும் உள்ளே பனி படியாமல் காக்கும், அவ்வளவுதான்.

கைத்துப்பாக்கிக்கென்றே செய்த, கை நீட்டிய தூரத்தில் படம் தெரியும் 2 அல்லது 4 மடங்கு நிலையான ஸ்கோப் போதும். மடங்கு மாற்றும் பாகங்கள் இல்லாததால் உள்ளே ஆட வேண்டியதும் குறைவு. பெரிய உதைக்கு மூன்று வளையம் போடுங்கள். குறி விலகினால் மான் உடனே சாகாது, குடல் கிழிந்து காட்டுக்குள் ஓடும். அந்தப் பொறுப்பு சுடுபவருடையது.

பூட்டியதும் வளையத்துக்கும் குழாய்க்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு இழுங்கள். சில சுற்று சுட்டபின் கோடு முறிந்திருந்தால் வளையம் வழுக்குகிறது, திருகை முறையாக இறுக்கினால் தீரும். கோடு அப்படியே இருந்து, தோட்டாவிலும் பிடியிலும் மாற்றமில்லாமல் குறி மட்டும் அலைந்தால், உட்குழாய் ஸ்பிரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.