பித்தளைக் குடத்தில் ஒரு கல்வெட்டு

"மியூஸியமா? அங்கே என்னம்மா இருக்கு? உடைஞ்ச சிலையும் பஞ்சு அடைச்ச பறவையும்தானே!"

நம்மில் பலர் வீட்டில் இந்தப் பேச்சைக் கேட்டிருப்போம். சென்னை எழும்பூர் மியூஸியத்துக்கே அந்தக் காலத்து ஜனங்கள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'. கேலியாக வைத்த பெயரானாலும், காணும் பொங்கலன்று கட்டுச்சோறு கட்டிக்கொண்டு இரண்டு காலேஜையும் பார்க்கப் படையெடுத்தவர்களும் அதே ஜனங்கள்தான்.

அந்த எழும்பூர் மியூஸியம் 1851-ல் ஆரம்பமானது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர். கூட்டம் சேர்ப்பதற்காக அவர் உயிருள்ள மிருகங்களையும் கொண்டுவந்து அங்கே வைத்தார். அதுவே பிறகு மிருகக்காட்சி சாலையாக வளர்ந்தது. பெண்களாகிய நாம் அவரை நினைத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் துணை நின்றவர்களில் அவரும் ஒருவர்.

எழும்பூருக்குப் போக எல்லோராலும் முடியாது. ஆனால் புதுக்கோட்டை, மதுரை, திருச்சி, வேலூர், ஈரோடு என்று பல ஊர்களில் அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. எங்கள் சேலத்தில் 1979 முதல் இருக்கிறது. இருந்தும், அஸ்தம்பட்டியில் எனக்குத் தெரிந்த பத்து வீடுகளில் விசாரித்தால், ஏற்காட்டுக்கு இருபது தடவை போனவர்கள்கூட மியூஸியத்துக்கு ஒரு தடவையும் போனதில்லை என்கிறார்கள்.

குழந்தைகளோடு போகும்போது

எட்டாவது படிக்கும் மகளையும் நான்காவது படிக்கும் மகனையும் அழைத்துக்கொண்டு நான் போய் வந்த அனுபவத்தில் சில யோசனைகள் சொல்கிறேன்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். சின்னக் குழந்தைக்கு ஒரு மணி நேரம் போதும். வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு பகுதியிலும் ஒரே ஒரு பொருளைக் குழந்தையையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். "இதை யார் செஞ்சிருப்பாங்க? எதுக்கு உபயோகப்பட்டிருக்கும்?" என்று கேளுங்கள். பதில் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அது யோசிக்கிறதே, அதுதான் வேண்டியது.

அரசு அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை உண்டு. போவதற்கு முன் ஒரு தடவை விசாரித்துக்கொள்வது நல்லது. மே 18-ம் தேதி உலக அருங்காட்சியக தினம். அதை ஒட்டியும் கோடை விடுமுறையிலும் பல ஊர் மியூஸியங்களில் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி, பயிற்சி வகுப்பு, சிறப்புக் கண்காட்சி என்று ஏதாவது நடக்கும். லீவில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அங்கே அனுப்பினால் நமக்கும் நிம்மதி.

மண்ணுக்குள் ரோமாபுரி

நம் ஊர்ச் சரித்திரம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. மண்ணுக்குள் இருப்பதோ ஏராளம். சேலம் பக்கத்துக் கோனேரிப்பட்டியில் 1987-ல் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. ரோமாபுரி எங்கே, கோனேரிப்பட்டி எங்கே! மேற்குக் கடற்கரையில் கப்பலில் வந்து இறங்கிய வியாபாரிகள் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் வந்து மிளகும் மணிக்கற்களும் வாங்கிப் போனதன் அடையாளம் அது. ஆத்தூர் பக்கத்தில் தியாகனூரில் இரண்டு பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் இங்கே பௌத்தம் இருந்ததற்கு அவையே சாட்சி.

ஓமலூர் போகிற வழியில் வெள்ளை வெளேரென்று தெரிகிற குன்றுகளைக் காட்டி, "அது என்னம்மா?" என்று குழந்தை கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டுமே! அது மாக்னசைட். கொதிக்கிற உருக்கைத் தாங்கும் உலைச் செங்கல் செய்ய அந்தக் கல்தான் வேண்டும். கஞ்சமலையில் இரும்புக் கல். சேலம் உருக்காலையில் 1981-ல் எவர்சில்வர் தகடு தயாரிக்க ஆரம்பித்தார்கள்.

சமீப காலத்துச் சரித்திரம்கூட நம் கண்ணெதிரிலேயே கரைந்து போகிறது. அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போகும் சாலையில்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. டி.ஆர்.சுந்தரம் அவர்கள் 1935-ல் ஆரம்பித்த ஸ்டுடியோ. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-ல் இவர்கள் எடுத்ததுதான். தமிழின் முதல் கலர் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் வந்ததும் இவர்கள் தயாரிப்பாகத்தான். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்த இடத்தில் இன்று நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. தினமும் அதைத் தாண்டி ஸ்கூல் பஸ்ஸில் போகிற பிள்ளைகளுக்கு அது வெறும் ஒரு பழைய வாசல்.

"அந்த அம்மா பேர் என்ன?"

மியூஸியத்தில் என் மகள் நின்று கேட்ட ஒரு கேள்வியைச் சொல்லியே ஆக வேண்டும்.

நடுகற்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவன், ஊருக்குள் வந்த புலியைக் குத்திச் செத்தவன், இப்படிப்பட்ட வீரர்களுக்கு ஊரார் நட்டு வைத்த கல். சிலவற்றில் வீரனின் பெயர், ஊர், ராஜாவின் பெயர்கூட எழுதியிருக்கும். சில கற்களில் வீரன் பக்கத்தில் ஒரு பெண் நிற்பாள். கணவனோடு தீயில் இறங்கிய மனைவி. சில ஊர்களில் வளையல் போட்ட ஒரு கையை மட்டும் தனியாகச் செதுக்கி வைத்திருப்பார்கள். அதுவும் அப்படிப்பட்ட பெண்ணுக்கு வைத்த கல்தான். இந்தக் கொடுமையை வங்காளத்தில் 1829-லும் சென்னை மாகாணத்தில் 1830-லும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

என் மகள் அந்த உருவத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்த அம்மா பேர் என்னம்மா?" என்றாள்.

"தெரியலை கண்ணு. எழுதலையே."

"அவங்களும்தானே செத்தாங்க? ஏன் எழுதலை?"

எனக்குப் பதில் வரவில்லை. ராணிகளும் தானம் செய்த பெரிய வீட்டுப் பெண்களும் கோயில் கல்வெட்டில் பெயரோடு இருக்கிறார்கள். நம்மைப் போல அடுப்பும் பிள்ளையுமாக வாழ்ந்தவர்களின் பெயர் எங்கே இருக்கிறது?

வீட்டுக்கு வந்து பரணில் எதையோ தேடியபோது எனக்கு ஒரு விடை கிடைத்தது. என் அம்மாயியின் பித்தளைக் குடம். கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக அவர் பெயரும், கல்யாணத் தேதியும், பிறந்த ஊரும் வெட்டியிருந்தன. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் தடவித் தடவி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இதுவும் கல்வெட்டுதானேம்மா!" என்றாள்.

உண்மைதான். பள்ளிக்கூடம் போகாத, சொத்துப் பத்திரத்தில் பெயரில்லாத எத்தனையோ பாட்டிமார்களின் பெயரும் தேதியும் எழுத்தில் இருப்பது அவர்கள் சீராகக் கொண்டுவந்த பாத்திரத்தில் மட்டும்தான். அதைத்தான் நாம் 'இடத்தை அடைக்குது' என்று எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் டப்பா வாங்குகிறோம். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இன்றைய ஃபிளாட்டில் இடம் ஏது? அதனால் விற்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எடைக்குப் போடும் முன், பெயர் வெட்டிய ஒன்றையாவது எடுத்து வையுங்கள். மற்றவற்றின் எழுத்தை ஒரு நோட்டில் பார்த்து எழுதுங்கள். ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தப்பியதும் தப்பாததும்

பழசைத் தூக்கி எறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழிலேயே பாடம் இருக்கிறது. வீட்டில் கிடந்த ஓலைச்சுவடிகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்டவர்கள் உண்டு. அப்படிப் போனவை எத்தனையோ! ஊர் ஊராக அலைந்து மீதியைக் காப்பாற்றியவர் உ.வே.சாமிநாதையர். அவரை 'சீவக சிந்தாமணி' பக்கம் திருப்பிவிட்டவர் யார் தெரியுமா? எங்கள் சேலத்துக்காரர்! சேலம் ராமசுவாமி முதலியார் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்தபோது, 1880-ல், "சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?" என்று கேட்டாராம். 1887-ல் அந்த நூல் அச்சில் வந்தது.

வீட்டில் இருக்கும் பழம்பொருள்களுக்கு

*பட்டுப் புடவை:* பிளாஸ்டிக் கவரில் வைக்காதீர்கள். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றினால் ஒரே இடத்தில் கிழியாது. பூச்சி வராமலிருக்க வசம்பையோ காய்ந்த வேப்பிலையையோ சின்னத் துணி முடிச்சாகக் கட்டிப் பக்கத்தில் வைக்கலாம். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது. குழந்தை கைக்கும் எட்டக்கூடாது, வாயில் போட்டால் ஆபத்து.

*பழைய கடிதம், போட்டோ:* லாமினேஷன் செய்யவே கூடாது; பிறகு பிரிக்க முடியாது. செல்லோடேப், ரப்பர் பேண்ட், குண்டூசி மூன்றும் எதிரிகள். டேப்பின் பசை மஞ்சளாகும், ஊசி துருப்பிடிக்கும். வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் தட்டையாக வையுங்கள். போட்டோவின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். பேனா வேண்டாம்.

*பழங்காசு:* புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்க்காதீர்கள். மேலே படிந்த பச்சையோடு சேர்ந்து எழுத்தும் போய்விடும். அப்படியே துணிப்பையில் போட்டு வைப்பதே மேல்.

*பித்தளைப் பாத்திரம்:* புழக்கத்தில் இருப்பதைப் புளி போட்டு விளக்கலாம். பெயர் வெட்டிய இடத்தில் மட்டும் அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஆசைக்காகப் பாட்டியின் பித்தளையில் சமைப்பவர்கள் ஈயம் பூசிய பிறகே சமையுங்கள். பூச்சில்லாத பித்தளையில் புளிக்குழம்பு, ரசம், மோர் வைத்தால் களிம்பு ஏறிக் குமட்டலும் வாந்தியும் வரும்.

*ஓலைச்சுவடி:* நீங்களாக எண்ணெய் தடவிப் பிரிக்க முயல வேண்டாம். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. தஞ்சாவூரில் சரசுவதி மகால் இருக்கிறது. உங்கள் மாவட்ட மியூஸியத்தில் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

கடைக்கால் தோண்டும்போது

வீடு கட்டும்போதோ கிணறு வெட்டும்போதோ பானையில் காசோ சிலையோ கிடைத்தால் பயந்து மறைக்கிறவர்கள் உண்டு. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவருக்குக் கிடைக்க வேண்டிய பங்கும் போகும், தண்டனையும் உண்டு. முறைப்படி சொன்னால், அரசு அதை எடுத்துக்கொள்ளும்போது அதன் மதிப்புக்கு மேலே ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

நம் வீட்டு மியூஸியம்

யோசித்துப் பார்த்தால் நவராத்திரிக் கொலுவே ஒரு மியூஸியம்தான். படி கட்டி, வரிசைப்படுத்தி, வருகிறவர்களுக்குக் காட்டி, கதை சொல்கிறோம். போன நவராத்திரியில் எங்கள் தெருவில் நான்கு வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்தோம். கொலுவுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, அவரவர் வீட்டுப் பழைய பொருளில் ஆளுக்கு மூன்று வைத்தோம். மரத்தில் செய்த இடியாப்ப உழக்கு, அரிக்கேன் விளக்கு, படி, மரக்கால், பாலாடை, பல்லாங்குழி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு: என்ன பொருள், யாருடையது, எந்த ஊர், எந்த வருஷம், எப்படி உபயோகித்தார்கள். சீட்டு எழுதும் வேலை பிள்ளைகளுக்கு.

சுண்டல் வாங்க வந்த பாட்டிமார்கள் அந்த மேஜையை விட்டு நகரவில்லை. பாலாடையைப் பார்த்த ஒரு பாட்டி, தன் முதல் குழந்தைக்கு அதில் மருந்து புகட்டிய கதையைச் சொன்னார். அந்தக் குழந்தை தங்கவில்லையாம். அதை அதுவரை அவர் பேத்தியிடம்கூடச் சொன்னதில்லை. என் மகள் அந்தப் பாட்டியின் பெயரைக் கேட்டுச் சீட்டில் எழுதினாள். குழந்தையின் பெயரையும் கேட்டு எழுதினாள்.

செலவில்லாத காரியம் இது, சகோதரிகளே. மாதர் சங்கத்திலோ, பிள்ளைகளின் பள்ளிக்கூட ஆண்டு விழாவிலோ நீங்களும் செய்யலாம். நல்ல பொருள் ஏதாவது தென்பட்டால் மியூஸியத்துக்குத் தகவல் கொடுக்கலாம். முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் அம்மாவின் பெயர், அவர் அம்மாவின் பெயர், அவருக்கு அம்மாவின் பெயர், தெரிந்தவரை எழுதுங்கள். தெரியாததை வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். அவர்கள் நினைவில் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.