'அன்டில்' என்னும் ஆங்கிலச் சொல்லும் தமிழின் 'வரை'யும்

ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் காலச் சொற்களுள் 'அன்டில்' என்பதும் ஒன்று. அதன் பொருள் 'வரை' என்றே மாணவர் கற்கின்றனர். அது தவறன்று. ஆயினும் அவ்விரு சொற்களும் எல்லா இடங்களிலும் ஒத்து வாரா. வேறுபடும் இடங்கள் மூன்று.

முதலாவது, இடப்பொருள். 'ஈப்போ வரை சென்றோம்', 'மாலை வரை இருந்தோம்' எனத் தமிழில் 'வரை' இடத்துக்கும் காலத்துக்கும் பொதுவாக வரும். மலாய் மொழியின் 'ஹிங்கா'வும் அத்தகையதே. ஆங்கில 'அன்டில்' காலத்துக்கே உரியது. நம் மாணவர் 'ஈப்போ வரை' என்பதற்கும் அதனையே எழுதிவிடுவது இப்பொதுமையால் நேரும் பிழை.

இரண்டாவது, செயலின் தன்மை. 'விண்ணப்பங்கள் மார்ச் 15 வரை ஏற்கப்படும்' என்னுமிடத்தில் ஏற்கும் செயல் அந்நாள்வரை தொடர்கிறது. அங்கே 'அன்டில்' பொருந்தும். 'மார்ச் 15க்குள் விண்ணப்பிக்க' என்னுமிடத்தில் விண்ணப்பித்தல் ஒருமுறை நிகழ்ந்து முடிவது. அங்கே 'பை' என்னும் சொல்லே வரவேண்டும். நாள் ஒன்றே; செயல் வேறு. தமிழ், 'வரை' எனவும் 'உள்' எனவும் இவ்வேறுபாட்டைத் தெளிவாகவே காட்டுகிறது. அதனை உணர்ந்த மாணவர்க்கு ஆங்கில வேறுபாடும் எளிதில் விளங்கும்.

மூன்றாவது, எதிர்மறை. 'ஐந்து மணி வரை அவர் வரவில்லை' என்ற தமிழ்த் தொடர், அவர் பின்னர் வந்தாரா என்பதைக் கூறுவதில்லை. அதற்கு நேரான ஆங்கிலத் தொடரோ, பெரும்பாலும் அவர் ஐந்து மணிக்கு வந்துவிட்டார் என்பதையும் உணர்த்தும். ஆகவே அதனைத் தமிழாக்குவோர் 'ஐந்து மணிக்குத்தான் வந்தார்' என எழுதுவதே பொருத்தம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வந்தவர் வராதவராகிவிடுவார்.

இரு மொழிக்கும் பொதுவான ஐயம் ஒன்றும் உண்டு. 'மார்ச் 15 வரை' என்றால் அப்பதினைந்தாம் நாளும் சேருமா? சேரும் என்பார் சிலர். முதல்நாளோடு முடியும் என்பார் சிலர். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்க்கு இவ்வையம் ஓர் ஆண்டையே இழக்கச் செய்யலாம். அறிவிப்பு எழுதுவோர் 'மார்ச் 15 உட்பட' என ஒரு சொல் சேர்த்தால் ஐயம் அகலும்.

எனவே, 'அன்டில்' என்பதற்கு நேர்ச்சொல் எது என்று மட்டும் வினவுதல் போதாது. செயல் தொடர்வதா, முடிவதா, எல்லைநாள் உள்ளடங்குவதா என்பவற்றையும் வகுப்பறையில் வினவிப் பழக்குவோமாக.