தரவுத்தளத்தில் வழுவும் வழுவமைதியும்

தமிழ் இலக்கண நூலார் சொற்களின் இயைபினை ஆராயுமிடத்து வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றனைக் கூறுவர். உயர்திணை எழுவாய்க்கு அஃறிணைப் பயனிலை வருமாயின் அது திணைவழு. பசு ஒன்றினை உவப்பினாற் பெண்ணென வைத்துக் கூறுவதும் திணைவழுவே. ஆயினும் உவப்பு என்னுங் காரணம் பற்றி அது வழுவமைதியெனத் தழுவிக்கொள்ளப்படும். இம்மூன்றும் மொழிக்கே உரியன என்று கருதற்க. இக்காலத்துக் கணினித் தரவுத்தளங்களில் நிகழும் இடர்ப்பாடுகளை விளக்குதற்கு இவற்றினும் பொருத்தமான சொற்கள் கிடைத்தல் அரிது. கணினி காட்டும் பிழையினை வழு என்றே இலங்கைப் பாடநூல்கள் வழங்குவதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

தரவுத்தளம் என்பது அட்டவணைகளின் தொகுதி. அட்டவணையின் கிடைவரிசை நிரை எனவும் நெடுவரிசை நிரல் எனவும் பெயர்பெறும். (தமிழகத்தார் நிரல் என்னுஞ் சொல்லைக் கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதிக்கும் வழங்குவர்; அது இக்கட்டுரையிற் செய்நிரல் எனப்படும்.) ஒவ்வொரு நிரலுக்கும் நிறைவெண், தசமவெண், எழுத்துச்சரம், திகதி என ஒரு வகை முன்னரே விதிக்கப்படும். திணை பெயர்ச்சொல்லுக்கு எத்தகையதோ, வகை நிரலுக்கு அத்தகையது. இணையத்தளம் அமைப்போர் டிஜாங்கோ, லாரவெல், ரூபி ஒன் ரெயில்ஸ் முதலிய வலைச்சட்டகங்களுள் ஒன்றைப் பெரும்பாலும் கைக்கொள்வர். பயனர் நிரப்பும் படிவத்திற்கும் தரவுத்தளத்திற்கும் இடையே நின்று, இருவர் கூற்றையும் ஒருவர்க்கொருவர் மொழிபெயர்த்து உரைப்பது அச்சட்டகமேயாகும்.

இனி ஓர் எடுத்துக்காட்டினை விரித்து நோக்குதல் தகும். பல்கலைக்கழகம் புகும் மாணவருக்கு உதவிப்பணம் வழங்க விரும்பிய ஒரு சங்கம், விண்ணப்பங்களைப் பெறுதற்கு இணையப் படிவம் ஒன்றை அமைக்கின்றது எனக் கொள்க. ஒருவர் இருமுறை விண்ணப்பித்தலைத் தடுக்கும்பொருட்டுத் தேசிய அடையாள அட்டை இலக்கம் தனித்ததாய் இருத்தல் வேண்டும் என்று விதிக்கப்படுகின்றது. பழைய அட்டையின் இலக்கம் 9 தானங்களையும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தையும் உடையது. அமைப்பாளர் அவ்வெழுத்தினை நீக்கி, எஞ்சியதை நிறைவெண் வகை நிரலில் இடுகின்றார். தம்முடைய இலக்கத்தையும் நண்பர் இலக்கத்தையும் இட்டுப் பார்க்கின்றார். யாவும் செவ்வனே நடைபெறுகின்றன. அவரும் நண்பரும் நாற்பது வயது கடந்தவர்கள். பழைய அட்டை உடையவர்கள்.

மாணவர் நிலை வேறு. 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் அட்டையின் இலக்கம் 12 தானங்களை உடையது. பிறந்த ஆண்டு நான்கு தானங்களிலும் ஆண்டினுள் நாள் மூன்று தானங்களிலும் அமைய, எஞ்சியவை தொடரிலக்கமும் சரிபார்ப்பு இலக்கமுமாம். தரவுத்தளத்தின் பொதுவான நிறைவெண் 32 துவிதத் தானங்களில் அடங்குவது. அது கொள்ளக்கூடிய மிகப்பெரிய எண் 2147483647. இஃது 10 தானங்களே உடையது. 12 தானங்கள் அதனுள் எங்ஙனம் புகும்? மைஎஸ்கியூஎல் என்னுந் தரவுத்தளம் கண்டிப்பு முறை நீக்கப்பட்ட நிலையில் இயங்குமாயின், மிகையான எண்ணை மறுப்பதில்லை. தன்னாற் கொள்ளக்கூடிய மிகப்பெரிய எண்ணை அதனிடத்தில் எழுதி, எச்சரிக்கைக் குறிப்பொன்றை மட்டும் விட்டுச் செல்லும். அக்குறிப்பைச் செய்நிரல் கேட்டாலன்றி ஒருவரும் காணார். எனவே முதல் மாணவரின் இலக்கம் 2147483647 எனப் பதிவாகின்றது. இரண்டாம் மாணவரின் இலக்கமும் அவ்வாறே சுருங்க, அது முன்னரே உள்ளது என்று தரவுத்தளம் 1062ஆம் இலக்க வழுவை எழுப்புகின்றது. அமைப்பாளர் அவ்வழுவுக்கு ஒரே பொருளைத்தான் எண்ணியிருந்தார். ஆகவே படிவம், "தாங்கள் ஏற்கெனவே விண்ணப்பித்துள்ளீர்கள்" என்று அம்மாணவருக்கு மறுமொழி கூறுகின்றது. மூன்றாமவருக்கும் முப்பதாமவருக்கும் அதே மறுமொழிதான். தம் பெயரில் வேறெவரோ விண்ணப்பித்துவிட்டனர் என ஒருவர் அஞ்சுவார். வீட்டார் அனுப்பினர் போலும் என மற்றொருவர் வாளாவிருப்பார். முடிவு திகதியும் கடந்துபோம்.

ஈண்டு வழு நிகழ்ந்த இடம் ஒன்று, அது வெளிப்பட்ட இடம் மற்றொன்று. தனித்தன்மை விதியில் யாதொரு குற்றமும் இல்லை. குற்றம் வகையிற் பிறந்து, அமைதி என்னும் போர்வையுள் ஒளிந்து, விதியிடத்தே தலைகாட்டிற்று. ஆதலின் வழு நாடுவோர் சட்டகம் மாற்றியுரைத்த மறுமொழியை விடுத்து, தரவுத்தளம் கூறிய மூலவாசகத்தைப் படித்தல் வேண்டும். அவ்வாசகத்தில் 2147483647 என்னும் எண் வெளிப்படையாக நிற்கும். இரண்டின் முப்பத்தோராம் அடுக்கில் ஒன்று குறைந்த எண் அது என அறிந்தவருக்கு வேறு சான்று வேண்டா. அடுத்து, செய்நிரலில் எழுதப்பட்ட வகையை நம்பாது, தரவுத்தளத்தில் உண்மையாக உள்ள நிரலின் வரையறையை நோக்குதல் வேண்டும். இரண்டும் ஒத்திருப்பதாக எண்ணி நாட்களை வீணாக்கியோர் பலர்.

கூட்டலும் கழித்தலும் செய்யப்படாத இலக்கத்தொடர் எண் அன்று; அது பெயர். அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், பரீட்சைச் சுட்டெண் ஆகியவை எழுத்துச்சர வகைக்கே உரியன. தொலைபேசி இலக்கத்தை நிறைவெண் ஆக்கினால் முதலிலுள்ள சுழியம் மறையும். மாறாகப் பணம் எண்ணே ஆயினும், மிதக்கும் புள்ளி வகையில் இடத்தக்கதன்று; பத்தில் ஒன்றைத் துவித முறையில் முடிவுற எழுத இயலாமையின், சதங்கள் சிறிது சிறிதாகப் பிறழும். தசமவெண் வகையே அதற்கு ஏற்றது.

எழுத்துச்சரமும் முற்றிலும் இடரற்றதன்று. தமிழ்ப் பெயர்களுக்கு அதிற் சிறப்பான இடர் உண்டு. சுந்தரம் என்னும் பெயரில் எழுத்து எத்தனை என்று வினவின், ஐந்து என்பான் தமிழ் மாணவன். யுனிகோட் முறையில் உகரக்குறியும் புள்ளிகள் இரண்டும் தனித்தனி எண்ணப்படுதலின் அவை எட்டாகும். அவ்வெட்டும் யூரிஎவ்-8 குறிமுறையில் ஒவ்வொன்றும் 3 பைற்று கொள்ளுதலின், பெயர் முழுவதும் 24 பைற்று ஆகும். ஒராக்கிள் தரவுத்தளம், வேறு கூறாதவிடத்து, நிரலின் நீளத்தைப் பைற்றுகளாற் கணிப்பது. ஆகவே 20 என்று நீளம் விதித்த நிரல் ஐந்தெழுத்துப் பெயரை ஏற்க மறுக்கும். மறுத்தலாவது நன்று. கண்டிப்பற்ற மைஎஸ்கியூஎல் தளத்தில் 7 என்று நீளம் விதித்திருப்பின் இறுதிப் புள்ளி வெட்டுண்டு, மகரமெய் உயிர்மெய்யாகிச் 'சுந்தரம' என நிற்கும். 2018இல் வந்த 8.0 பதிப்புக்கு முன்னர் அத்தளத்தின் இயல்பான எழுத்துத் தொகுதி இலத்தீன் எழுத்துக்களுக்கே உரியது. அதிற் கண்டிப்பின்றி எழுதப்பட்ட தமிழ்ப் பெயர் எட்டு வினாக்குறிகளாக எஞ்சும்.

இவ்வகையிற் தரவுத்தளங்களின் இயல்பு ஒருபடித்தன்று. போஸ்ட்கிரெஸ் வழாநிலையை வேண்டுவது; நீளமோ அளவோ மிகின் மறுத்துவிடும். மைஎஸ்கியூஎல் 2015இல் வெளிவந்த 5.7 பதிப்பு முதலே கண்டிப்பு முறையை இயல்பாகக் கொண்டது. ஆயினும் பழைய செய்நிரல்கள் முறிதலை அஞ்சி அதனை நீக்கிவைப்பார் இன்றும் உளர். எஸ்கியூலைற் நீளத்தைப் பொருட்படுத்துவதே இல்லை; 12 தானங்களை நிறைவெண் நிரலில் இட்டாலும் இடர் இன்றி ஏற்கும். தன் வகையிற் கண்டிப்பான அட்டவணையை அது 2021இலேதான் அறிமுகஞ் செய்தது. டிஜாங்கோ புதிய பணி ஒவ்வொன்றையும் எஸ்கியூலைற்றுடனேயே தொடக்கி வைப்பதால், தொடக்கத்தில் நன்கு இயங்கிய படிவம் போஸ்ட்கிரெஸ் தளத்திற்கு மாற்றப்பட்டவுடன் முறிவது கண்டு தொடக்க மாணாக்கர் திகைப்பர். முறிவுக்குக் காரணம் புதிய தளம் அன்று. உவப்புப் போன்றதொரு காரணமும் இன்றி வழுவினை ஏற்றுக்கொள்வது வழுவமைதி ஆகாது. வழுவை மறைத்தலே ஆம்.

சட்டகங்களும் ஓரளவே காவல் செய்யும். டிஜாங்கோவிற் படிவத்தின் வழியே வருந் தரவின் நீளம் சோதிக்கப்படும்; செய்நிரல் நேரே சேமிக்குங்கால் அச்சோதனை தானாக நிகழாது. கோப்பொன்றிலிருந்து நூற்றுக்கணக்கான பெயர்களை ஒருங்கே ஏற்றுவோர் இதனை மறத்தலாகாது. பைதன் மொழியின் தரவுத்தள இடைமுக விதிகள் தரவுவழுவையும் ஒருமைப்பாட்டு வழுவையும் இருவேறு வழுக்களாகப் பிரித்துள்ளன. போஸ்ட்கிரெஸ் தளத்தின் வழுக் குறிகளும் 22 எனத் தொடங்குவன தரவு பற்றியனவாகவும், 23 எனத் தொடங்குவன கட்டுப்பாடு பற்றியனவாகவும் அமைந்துள்ளன. இங்ஙனம் பகுத்துத் தரப்பட்டவற்றை ஒரே வலையில் அகப்படுத்தி, ஒன்றும் நிகழாதது போல் மேற்செல்லச் செய்நிரல் எழுதுவார் செயல் வருந்தத்தக்கது. அதன் விளைவு போஸ்ட்கிரெஸ் தளத்தில் விரைவிற் புலப்படும். கொடுக்கல்வாங்கல் எனப்படும் தொடர்செயலினுள் ஒரு கட்டளை வழுவினால், பின்னோக்கி மீளும்வரை ஏனைய கட்டளைகள் யாவும் மறுக்கப்படும். பின்வந்த கட்டளைமேற் பழி சுமத்தாது, பதிவேட்டில் முதலில் எழுந்த வழுவைத் தேடுதல் வேண்டும். டிஜாங்கோவில் வழுவை அத்தொடர்செயலுக்குப் புறத்தே நின்று பிடிப்பதே முறை.

உதவிப்பணப் படிவத்தைத் திருத்துதல் எளிது. நிரலை 12 எழுத்துக்கொண்ட சரமாக மாற்றி, கண்டிப்பு முறையை நாட்டி, தரவுவழுவுக்குத் தனி மறுமொழி எழுதினால் அது செம்மையாகும். இழந்ததை மீட்டல் எளிதன்று. 2147483647 எனப் பதிவான முதல் மாணவரை அவர் தொலைபேசி வாயிலாகக் கேட்டு இலக்கத்தைத் திருத்தலாம். ஏனையோரின் விண்ணப்பங்கள் அட்டவணையை அடைந்திலாமையின் அவர் பெயரும் அங்கு இல்லை. எத்தனை முறை எந்நேரத்திற் படிவம் அனுப்பப்பட்டது என்பதை மட்டுமே சேவையகத்தின் பதிவேடு காட்டும். அவ்வெண்ணிக்கையைக் கண்ட சங்கம், முடிவு திகதியை நீட்டி, முன்னர் மறுக்கப்பட்டோர் மீண்டும் விண்ணப்பிக்குமாறு பத்திரிகையில் அறிவித்தல் வெளியிடுதலன்றி வேறு வழியில்லை.